எத்தனையாவது கியர்?

காலடியில் நடப்பதைக் கண்ணுக்குக் காட்டும் ஒற்றை எண். மோட்டார் சைக்கிளில் அது அவசியமா, ஆடம்பரமா? கேரளத்தின் லைசென்ஸ் டெஸ்ட்டிலிருந்து எம்80 விடைபெற்ற பிறகு இந்தப் பழைய கேள்விக்குப் புது அர்த்தம் வந்திருக்கிறது.

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, விழிஞ்ஞத்தை ஒட்டிய பஞ்சாயத்து கோட்டுகால். நெய்யாற்றின்கரை தாலுகாவைச் சேர்ந்தது. தென்னையும் வாழையும் மரவள்ளியும் நிறைந்த செம்மண் மேடுகள் இங்கே கடலை நோக்கிச் சரிகின்றன. ஊர்ச் சாலைகளில் சமதளம் குறைவு. ஏறி, இறங்கி, வளைந்துதான் போக வேண்டும். அடிக்கொரு தரம் கியர் மாற்றாமல் இந்தப் பக்கம் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது நடக்காத காரியம்.

மாநில எல்லையும் தூரமில்லை. பாறசாலையைக் கடந்து களியக்காவிளைக்குப் போனால் தமிழ்நாடு. அதனால் நெய்யாற்றின்கரையின் கே.எல். 20, பாறசாலையின் கே.எல். 19 வண்டிகளோடு மார்த்தாண்டத்தின் டி.என். 75 வண்டிகளும் இந்த வட்டாரச் சாலைகளில் சகஜம். நம்பர் பலகை எதுவாக இருந்தாலும் ஏற்றத்தின் பாதியில் ஓட்டுபவருக்கு வரும் சந்தேகம் ஒன்றுதான். எதிரே லாரி வருகிறது. வேகம் குறைந்துவிட்டது. வண்டி இப்போது மூன்றாவது கியரில் இருக்கிறதா, இரண்டாவதிலா? ஒரு மிதி போதுமா, இரண்டு வேண்டுமா? கால் குத்துமதிப்பாக ஒரு முடிவு எடுக்கிறது. அது தப்பினால் எஞ்சின் திணறி அணைகிறது, அல்லது அலறுகிறது. பின்னால் உட்கார்ந்திருப்பவர் தோளை இறுகப் பிடித்துக்கொள்கிறார்.

வேகத்தைச் சொல்ல ஒரு முள் இருக்கிறது. பெட்ரோல் அளவைச் சொல்ல இன்னொரு முள். வண்டி நியூட்ரலில் இருந்தால் பச்சை விளக்கு எரிகிறது. ஆனால் எத்தனையாவது கியர் என்பதை மட்டும் பெரும்பாலான பழைய வண்டிகள் சொல்வதில்லை. அதைக் காட்டும் ஒரு சின்ன எண்பலகையை வாங்கிப் பொருத்திக்கொள்வதா வேண்டாமா என்ற விவாதம் ஒர்க்‌ஷாப் வாசல்களில் வெகுநாளாக நடக்கிறது. அனுபவஸ்தர்கள் சிரிக்கிறார்கள். காதும் காலும் இருக்கும்போது எண் எதற்கு என்பது அவர்கள் வாதம். புதிதாகப் பழகுபவர்களுக்கு அந்தச் சிரிப்பு ஆறுதல் தருவதில்லை.

கையிலிருந்து காலுக்கு

இந்த விவாதத்துக்குக் கேரளம் தெரியாமலேயே ஒரு புது முகம் கொடுத்திருக்கிறது. கியர் உள்ள இருசக்கர வாகனத்துக்கான லைசென்ஸ் டெஸ்ட்டில் அங்கே வெகுகாலம் ஆட்சி செய்தது பஜாஜ் எம்80. எண்பதுகளில் வந்த வண்டி. உற்பத்தி நின்று பல வருடங்கள் கழிந்த பிறகும் டிரைவிங் ஸ்கூல்களின் மைதானங்களில் அது ஓடிக்கொண்டே இருந்தது. எடை குறைவு. எவர் கைக்கும் அடங்கும். எட்டுப் போட எளிது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் கியர் கையில் இருந்தது. இடது கைப்பிடியைக் கிளட்சோடு சேர்த்துத் திருப்பினால் கியர் மாறும்.

2024 பிப்ரவரியில் கேரள மோட்டார் வாகனத் துறை வெளியிட்ட சுற்றறிக்கை இந்த வசதிக்கு முற்றுப்புள்ளி வைத்தது. காலால் கியர் மாற்றும் வண்டி, எஞ்சின் 95 சிசிக்குக் குறையக் கூடாது என்றது அது. எம்80 இரண்டு நிபந்தனையிலும் அடிபட்டது. கியர் கையில். எஞ்சினோ 75 சிசியைக்கூட எட்டாதது. காருக்கான டெஸ்ட்டிலும் பல மாற்றங்களைக் கொண்டுவந்த அந்தச் சுற்றறிக்கையை எதிர்த்து டிரைவிங் ஸ்கூல்காரர்கள் மே மாதம் போராட்டத்தில் இறங்கினார்கள். சில விஷயங்களில் தளர்வு கிடைத்தது. எம்80-க்குக் கிடைக்கவில்லை. அவகாசம் முடிந்து, 2024 ஆகஸ்ட் 1 முதல் டெஸ்ட் மைதானத்திலிருந்து அது வெளியேறியது.

மாற்றத்தின் நியாயத்தை மறுக்க முடியாது. லைசென்ஸ் வாங்கியவர் அடுத்த நாள் ஓட்டப்போவது காலால் கியர் போடும் பைக். கைப்பிடியைத் திருப்பிப் பழகி வாங்கிய லைசென்ஸ் அங்கே செல்லுபடியாகலாம், பழக்கம் செல்லுபடியாகாது. ஆனால் இந்த மாற்றத்தில் சத்தமில்லாமல் ஒரு விஷயம் காணாமல் போனது. எம்80 கைப்பிடியில் எண்கள் இருந்தன. குனிந்து ஒரு பார்வை பார்த்தால் போதும், எத்தனையாவது கியர் என்று தெரிந்துவிடும். பார்க்கவும் தேவையில்லை, மணிக்கட்டு வளைந்திருக்கும் விதமே சொல்லிவிடும். விழிஞ்ஞம் மீனைப் பெட்டியில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக எம்80 ஓட்டிய வியாபாரிகள் யாரும் கியர் இண்டிகேட்டர் கேட்டதில்லை. அது வண்டியோடு வந்தது, அந்தப் பெயர் இல்லாமல்.

எம்80 மட்டுமல்ல. வெஸ்பா, லாம்ப்ரெட்டா, 1972-ல் வந்த பஜாஜ் சேத்தக் என்று இந்திய நடுத்தர வர்க்கத்தை அரை நூற்றாண்டு சுமந்த ஸ்கூட்டர்கள் எல்லாவற்றிலும் இதே ஏற்பாடுதான். இடது கைப்பிடியில் 1, 0, 2, 3, 4 என்று வரிசையாகப் பொறித்திருக்கும். அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு போன குழந்தைகளுக்குக்கூட வண்டி எந்தக் கியரில் போகிறது என்று தெரியும். 2009 இறுதியில் ஸ்கூட்டர் தயாரிப்பை நிறுத்தப்போவதாக பஜாஜ் அறிவித்தபோது அந்த எண் வரிசைக்கும் நாள் குறித்தாயிற்று.

மறதிக்கார லீவர்

காரில் இந்தப் பிரச்சினை இல்லை. மேலே இடது மூலையில் லீவர் நின்றால் முதல் கியர். கீழே நின்றால் இரண்டாவது. இருட்டில் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடலாம். மோட்டார் சைக்கிளின் கால் லீவர் அப்படி இல்லை. மிதித்தாலும் தூக்கினாலும் காரியம் முடிந்ததும் பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிடும். முதல் கியரிலும் ஐந்தாவது கியரிலும் அது நிற்கும் இடம் ஒன்றே. தான் கடைசியாகச் செய்ததை ஞாபகம் வைத்துக்கொள்ளாத லீவர் அது. அந்த ஞாபகத்தை ஓட்டுபவர்தான் சுமக்க வேண்டும்.

ஞாபகம் எஞ்சினுக்குள் இருக்கிறது. கியர் பெட்டிக்குள் உருளை ஒன்று உண்டு. அதன் மேல் வளைந்து வளைந்து செல்லும் பள்ளங்கள். ஒவ்வொரு மிதிக்கும் உருளை ஒரு படி திரும்புகிறது. பள்ளங்களில் மாட்டிய கவைகள் நகர்ந்து, அடுத்த ஜோடிப் பல்சக்கரத்தைச் சுழலும் தண்டோடு பூட்டுகின்றன. ஏணிப்படி மாதிரி. ஒன்றிலிருந்து நான்குக்குத் தாவ முடியாது. இரண்டும் மூன்றும் வழியில் வந்தே தீரும். உருளையின் நுனியில் ஒரு தொடுமுனை வைத்திருக்கிறார்கள். நியூட்ரல் வரும்போது அது பட்டு, பச்சை விளக்கு எரிகிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு தொடுமுனை என்று வைத்திருந்தால் எல்லாக் கியரையும் காட்டியிருக்கலாம். சுசுகி 1970-களின் நடுப்பகுதியிலேயே தன் ஜிடி 750 மோட்டார் சைக்கிளில் கியர் எண்ணை ஒளிரவிட்டுக் காட்டியது. அதாவது இது நேற்றைய கண்டுபிடிப்பு அல்ல. இந்தியாவில் சாதாரண வண்டிகளில் பரவத்தான் வெகுகாலம் ஆனது.

இந்தியாவுக்குத்தான் அது அதிகம் தேவைப்பட்டிருக்கும். காரணம், இங்கே ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கியர் வழக்கம். 1955 முதல் சென்னை திருவொற்றியூரோடு பிணைந்துவிட்ட புல்லட்டில் பல பத்தாண்டுகள் கியர் வலது காலில் இருந்தது. முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்றதற்கெல்லாம் கீழே மிதிக்க வேண்டும். நியூட்ரலைத் தேடி அலுத்துப்போகிறவர்களுக்காகப் பக்கத்திலேயே இன்னொரு சின்ன லீவர். அதை மிதித்தால் மேல் கியர்களிலிருந்து நேரே நியூட்ரல். மைசூரில் தயாரான ஜாவா, யெஸ்டி வண்டிகளில் கியர் லீவரே கிக்கராகவும் வேலை பார்த்தது. 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100-ல் நான்கு கியரும் முன்னால் மிதிக்க. பின்னர் வந்த பல்சரில் ஒன்று கீழே, மற்றதெல்லாம் மேலே.

ஒரே வீட்டில் அப்பாவிடம் ஸ்பிளெண்டர், மகனிடம் பல்சர் என்றால் அவசரத்துக்கு வண்டி மாற்றி எடுப்பவர் பாடு திண்டாட்டம். ஒன்றில் கியரை ஏற்றும் அதே மிதி இன்னொன்றில் கியரை இறக்குகிறது. புல்லட்டிலிருந்து ஜப்பானிய வண்டிக்கு வந்தவருக்கு நிலைமை இன்னும் மோசம். கியர் என்று நினைத்து வலது காலை அழுத்தினால் அங்கே இருப்பது பிரேக். அமெரிக்கா 1970-களின் நடுவிலேயே சட்டம் போட்டுக் கியரை இடது காலுக்கும் பின் பிரேக்கை வலது காலுக்கும் நிரந்தரமாக ஒதுக்கியது. பழைய புல்லட்டும் புதிய பைக்கும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் நிற்கும் நாட்டில் ஓட்டுபவரின் கால்தான் இன்றும் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறது.

காது போதுமா?

அனுபவஸ்தர்களின் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஒரு வண்டியை ஆறு மாதம் ஓட்டியவருக்கு அதன் குரல் தெரியும். எஞ்சின் கனத்து அதிர்ந்தால் கியர் அதிகம், இறக்க வேண்டும். கிறீச்சிட்டால் கியர் குறைவு, ஏற்ற வேண்டும். எண் எதுவாக இருந்தால் என்ன, எஞ்சின் சுகமாக இருக்கிறதா என்பதுதானே கேள்வி என்கிறார்கள். எண்ணைப் பார்த்து ஓட்டுபவன் எஞ்சினைக் கேட்க ஒருநாளும் பழகமாட்டான் என்பது அவர்களுடைய இரண்டாவது புகார். மூன்றாவது புகார் இன்னும் கனமானது. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடிவிடுகிறது. எண்ணைப் பார்க்கக் கண்ணைத் தாழ்த்தும் நேரத்தில் சாலையில் ஓர் ஆடு குறுக்கே வரலாம்.

புள்ளிவிவரமும் அவர்கள் பக்கம் நிற்பதுபோல்தான் தெரியும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதம், அதாவது 74,897 பேர், இருசக்கர வாகனங்களில் போனவர்கள். மொத்த இறப்புகளில் 71 சதவீதத்துக்கும் மேல் அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. கியர் தெரியாமல் தடுமாறியது என்று ஒரு பத்தியே அந்த அறிக்கையில் கிடையாது. ஹெல்மெட்டுக்கும் பிரேக்குக்கும் செலவழிக்க வேண்டிய பணத்தை எண்பலகைக்குச் செலவழிப்பவரை யாரும் புத்திசாலி என்று சொல்லமாட்டார்கள்.

ஆனால் பத்தி இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்றாகிவிடாது. மழைக்காலத்தில் கோட்டுகால் மேட்டிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் வண்டியை நினைத்துப் பார்க்கலாம். நனைந்த சாலையில் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. கியரைக் குறைத்து எஞ்சினின் இழுப்பிலேயே வேகத்தை அடக்க வேண்டும். மூன்றாவதில் இருப்பதாக நினைத்து ஒரு மிதி மிதிக்கிறார். வண்டி இருந்தது இரண்டாவதில். வேகம் குறையாமலே முதல் கியர் விழுகிறது. கிளட்சைச் சட்டென்று விட்டால் பின்சக்கரம் எஞ்சினோடு சேர்ந்து இறுகி வழுக்குகிறது. இதற்கு நேர்மாறாக, முதல் கியருக்குப் பதில் நியூட்ரல் விழுந்தால் எஞ்சினின் பிடியே இல்லாமல் வண்டி உருள்கிறது. விழுந்து எழுந்தவரைக் கேட்டால் வழுக்கிவிட்டது என்பார். போலீஸ் பதிவேட்டிலும் அதுவே ஏறும். கியரின் பெயர் எங்கேயும் வராது.

காது என்ற வாதத்துக்குள்ளேயும் ஓட்டைகள் உண்டு. முகத்தை முழுசாக மூடும் ஹெல்மெட்டுக்குள் எஞ்சின் சத்தம் பாதி கேட்பதில்லை. அதற்காக ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்ல முடியாது. இன்றைய எஞ்சின்களோ பழையவை போல் பேசுவதுமில்லை. ஆர்எக்ஸ் 100 ஒவ்வொரு கியருக்கும் ஒரு ராகம் பாடியது. பெட்ரோலைக் கணக்குப் பார்த்துப் பீய்ச்சும் புது எஞ்சின் மூன்றிலும் நான்கிலும் ஒரே மாதிரி முனகுகிறது. ஆறு மாதம் ஓட்டினால் பழகிவிடும் என்பது உண்மை. அந்த ஆறு மாதத்தைச் சாலையில்தான் கழிக்க வேண்டும் என்பதும் உண்மை.

கேட்காதவர்கள்

எல்லாவற்றையும்விட, அந்த வாதம் ஒரு சாராரைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. காது கேளாதவர்கள். அவர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கலாமா என்பதே நெடுங்காலம் தகராறாக இருந்தது. தேசிய காதுகேளாதோர் சங்கம் தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2011-ல் அவர்களுக்குக் கதவைத் திறந்தது. காது கேளாமை என்ற ஒரே காரணத்துக்காக விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது, டெஸ்ட்டில் தேறினால் லைசென்ஸ் உண்டு என்பது அதன் சாரம். 2016-ல் மத்திய அமைச்சகமும் இதே தொனியில் மாநிலங்களுக்கு எழுதியது. வாகனம் ஓட்டுவது முதன்மையாகக் கண்ணின் வேலை என்பதுதான் அடிப்படை.

கண்ணின் வேலை என்று சட்டம் ஒப்புக்கொண்ட பிறகு வண்டியும் கண்ணுக்குத் தகவல் சொல்ல வேண்டாமா? காது கேளாதவர் எஞ்சினின் அதிர்வைக் கைப்பிடியிலும் கால்மிதியிலும் உணர்ந்து ஓட்டுகிறார். அது பழக்கத்தால் கைவந்த திறமை. ஆனால் சத்தத்தைக் கேள், கியர் தெரியும் என்ற உபதேசம் அவருக்குப் பயன்படாது. அவர் விஷயத்தில் அந்த எண் ஆடம்பரமில்லை. மற்றவர்கள் காதால் இலவசமாகப் பெறும் தகவலை அவர் கண்ணால் பெறுகிறார், அவ்வளவுதான்.

வயதானவர்கள் நிலையும் ஓரளவு இதுவே. கேட்கும் திறன் குறைந்துகொண்டே வரும், அது குறைவது தெரியாமலே. வருடக்கணக்கில் கியரில்லாத ஸ்கூட்டர் ஓட்டிவிட்டு வீட்டுத் தேவைக்காகப் பைக்குக்கு மாறும் பெண்கள் உண்டு. தினம் ஒரு வண்டியை எடுக்க வேண்டியிருக்கும் மெக்கானிக்குகளும் டெலிவரி வேலைக்காரர்களும் உண்டு. ஒரே வண்டி, ஒரே சாலை, நல்ல காது என்று அமைந்தவருக்கு எண் தேவையில்லை. அப்படி அமையாதவர்கள் எண்ணிக்கை, சிரிக்கிறவர்கள் நினைப்பதைவிட அதிகம்.

ஒயரை வெட்டும் முன்

தேவை என்று முடிவு செய்துவிட்டால் அடுத்த கேள்வி, எப்படிப் பொருத்துவது? சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரை கடைகளில் விதவிதமாகக் கிடைக்கின்றன. ஆனால் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு எண்பலகைகள் உள்ளுக்குள் வேறு வேறு ஜாதியாக இருக்கலாம். இதைப் புரிந்துகொள்ளாமல் வாங்குபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

முதல் வகை, உருளையின் நுனியிலிருந்தே செய்தி வாங்குவது. சில வண்டிகளில் ஒவ்வொரு கியருக்கும் தனி ஒயர் அங்கிருந்து வரும். சிலவற்றில் கியருக்கு ஏற்ப மாறும் மின்னழுத்தத்தை ஒரு சென்சார் அனுப்பும். கிளட்ச் பிடித்திருந்தாலும் வண்டி நின்றிருந்தாலும் இந்த வகை சரியாகச் சொல்லும். நம்பகமானது. ஆனால் அந்தச் சென்சார் வண்டியில் முன்பே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சினைத் திறக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது வகை கணக்குப் போடுவது. எஞ்சின் எத்தனை சுற்று, சக்கரம் எத்தனை சுற்று என்று பார்த்து, வகுத்து, கியரைக் கண்டுபிடிக்கும். உதாரணமாக, 36 கிலோமீட்டர் வேகத்தில் சாதாரண பைக் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 315 முறை சுற்றுகிறது. அப்போது எஞ்சின் 3,150 சுற்றில் இருந்தால் விகிதம் பத்து. 4,700-க்கு மேல் இருந்தால் விகிதம் பதினைந்து, அதாவது கியர் கீழே. எந்த விகிதம் எந்தக் கியர் என்று முதலில் ஒருமுறை ஓட்டிக் கற்றுக்கொடுத்துவிட்டால் கருவி பிழைத்துக்கொள்ளும். எஞ்சினைத் தொட வேண்டியதில்லை. ஒயர்களில் கிளை எடுத்தால் போதும்.

இந்த வகையின் பலவீனத்தைக் கடைக்காரர் சொல்லமாட்டார். கிளட்சைப் பிடித்த கணமே எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இருந்த உறவு அறுந்துவிடுகிறது. வகுக்கக் கணக்கே இல்லை. எண்பலகை வெறும் கோட்டைக் காட்டும், அல்லது தப்பான எண்ணைக் காட்டும். சிக்னலை நோக்கிக் கிளட்ச் பிடித்து உருண்டு வந்து, எந்தக் கியரில் இருக்கிறோம் என்று தேடும் நேரம்தானே எண் மிகவும் தேவைப்படும் நேரம்? சரியாக அப்போதுதான் அது கையை விரிக்கும். சமவெளியில் ஒரே வேகத்தில் போகும்போது, யாருக்கும் சந்தேகமில்லாத நேரத்தில், அழகாக ஐந்து என்று காட்டும்.

மூன்றாவது சிக்கல் ஒயரிங். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு ஏறக்குறைய எல்லா பைக்குகளிலும் எஞ்சினை ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் நடத்துகிறது. 2019 முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம், அதன் சென்சார் ஒயர் சக்கரத்திலிருந்து வருகிறது. எண்பலகைக்காக இவற்றில் கத்தி வைப்பது ஆபத்தான விளையாட்டு. பிளேடால் சுரண்டிச் சுற்றிய இன்சுலேஷன் டேப் கடற்கரை ஈரக்காற்றில் எத்தனை நாள் தாங்கும்? ஒயரில் துரு ஏறினால் முதலில் எண் தவறும், பிறகு வண்டியே நிற்கும். வாரண்டி இருக்கும் வண்டி என்றால் அதற்கும் சேதம் வரலாம். பொருத்தியே ஆக வேண்டும் என்பவர்கள் வண்டியின் பரிசோதனை இணைப்பில் செருகிக்கொள்ளும் வகையைத் தேடுவது நல்லது. அதில் ஒயரை வெட்ட வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

கேரளத்தில் வண்டியில் எதையாவது கூடுதலாகப் பொருத்த நினைப்பவருக்கு உடனே வரும் பயம் ஆர்.டி.ஓ. அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில்தான் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வாகன மாற்றம் பற்றி உறுதியான தீர்ப்புச் சொன்னது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள், தயாரித்த நிறுவனம் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்பது தீர்ப்பு. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று உரிமையாளரைப் பயமுறுத்துகிறது.

ஆனால் மாற்றம் என்றால் என்ன என்பதையும் சட்டத்தின் 52-ம் பிரிவே விளக்குகிறது. வண்டியின் அடிப்படைத் தன்மையை மாற்றிவிடும் அமைப்பு மாற்றம்தான் மாற்றம். சைலன்சரை மாற்றிக் காதைக் கிழிப்பதற்கும், கைப்பிடி அருகே ஓர் எண்பலகை வைப்பதற்கும் வித்தியாசம் உண்டு. எஞ்சின், எரிபொருள், இருக்கை என்று ஆர்.சி.யில் இருக்கும் எதையும் கியர் எண் தொடுவதில்லை. ஸ்பீடோமீட்டரை மறைக்காமல், எதிரே வருபவர் கண்ணைக் கூச வைக்காமல், ஏ.பி.எஸ். ஒயரைத் தொடாமல் வைத்தால் பயப்படக் காரணம் குறைவு. சட்டத்தைவிட ஒயருக்குத்தான் பயப்பட வேண்டும்.

யார் செய்ய வேண்டிய வேலை?

இவ்வளவு யோசனையும் ஏன் வாங்குபவர் தலையில் விழுகிறது என்பதுதான் கடைசிக் கேள்வி. 2012-ல் இந்தியாவுக்கு வந்த கேடிஎம் டியூக் 200-ல் கியர் எண் இருந்தது. 2016-ல் ஓசூரில் பிறந்த டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 200-லும், அதே ஆண்டு வந்த ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயனிலும் இருந்தது. வேகத்துக்கும் மலைக்கும் வண்டி வாங்குகிறவர்களுக்கு முதலில் கிடைத்தது. பிறகு மெல்லக் கீழே இறங்கியது. 2019-ல் ஹோண்டா எஸ்பி 125, 2021-ல் டிவிஎஸ் ரெய்டர் 125 என்று ஆபீஸ் போகும் வண்டிகளுக்கும் வந்தது. நியூட்ரலுக்கே தனி லீவர் வைத்த புல்லட்டின் குடும்பமும் அசைந்துகொடுத்தது. 2024-ல் புதுப்பித்த கிளாசிக் 350-ல் பழைய கால முகத்தின் மேல் கியர் எண் வந்து உட்கார்ந்தது.

ஆனாலும் அது இன்றும் சலுகைதான், உரிமையில்லை. ஐரோப்பிய யூனியன் 2012 முதல் புதிய ரகக் கார்களில், எப்போது கியர் மாற்றலாம் என்று சொல்லும் அம்புக்குறியைக் கட்டாயமாக்கியது. காரணம் பெட்ரோல் சிக்கனம். கியர் லீவரே எண்ணைச் சொல்லிவிடும் காருக்கு அந்த வசதி, எதையும் சொல்லாத மோட்டார் சைக்கிளுக்கு இல்லை. இந்தியாவிலோ இருசக்கர வண்டிக்கு முகப்பு விளக்கு தானாக எரிவது 2017 முதல் கட்டாயம். ஏ.பி.எஸ்.ஸும் இணைப்பு பிரேக்கும் 2019-ல் கட்டாயமாயின. கியர் எண் எந்தப் பட்டியலிலும் இல்லை.

நியூட்ரல் விளக்குக்கு ஏற்கெனவே தொடுமுனை வைக்கிறவர்கள் இன்னும் நான்கைந்து வைப்பது தொழிற்சாலையில் பெரிய காரியமல்ல. அதையே பிறகு வெளியே செய்தால் ஒயர் வெட்டு, வாரண்டிச் சண்டை, கிளட்ச் பிடித்தால் மறைந்துபோகும் எண். ஆகவே புது வண்டி வாங்கப்போகிறவருக்கு, அதிலும் புதிதாகக் கற்றவருக்கும் காது மந்தமானவருக்கும், எளிய யோசனை ஒன்று உண்டு. எண் காட்டும் வண்டியாகப் பார்த்து வாங்கிவிடுவது. பழைய வண்டி வைத்திருக்கும் அனுபவஸ்தர் அதை அப்படியே விட்டுவிடலாம். அந்தப் பணத்தில் ஒரு நல்ல டயர் வாங்கினால் வண்டிக்கும் நல்லது, அவருக்கும் நல்லது. பழைய வண்டியும் கேளாத காதுமாக இருப்பவர் மட்டும் செலவழித்துப் பொருத்திக்கொள்ளலாம். கூடுமானவரை உருளையிலிருந்து செய்தி வாங்கும் வகையாகவும், நல்ல மெக்கானிக் கையாகவும் இருக்கட்டும்.

கியரே இல்லாத மின்சார வண்டிகள் வந்துகொண்டிருக்கின்றன. ஒருநாள் இந்தக் கேள்வியே இல்லாமல் போகலாம். அதுவரை கேரளத்தின் டெஸ்ட் மைதானங்களில் ஒரு தலைமுறை இடது காலால் கியர் பழகும். எட்டின் வளைவில் கால் தரையில் படாமல் சமாளிப்பதா, கியரை யோசிப்பதா என்று தடுமாறும்போது அவர்களுக்கு உதவ எம்80 கைப்பிடியின் எண்கள் அங்கே இல்லை. டெஸ்ட்டுக்கு எந்த வண்டி என்று நிபந்தனை போட்ட அதிகாரிகள், அந்த வண்டியின் முகப்பில் கியர் எண் இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். இப்போதும் சேர்க்கலாம்.